சிஸ்டம் அட்மின் கற்க எந்த லினக்ஸைப் போடுவது?

லினக்ஸ் சர்வர் நிர்வாகம் கற்கக் கிளம்புகிறவர்கள் பலரும் முதல் வாரத்தையே 'எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸின் எந்த வகை)?' என்ற கேள்வியில் தொலைத்துவிடுகிறார்கள். நாலு வீடியோ பார்த்தால் நாலு பெயர் வரும். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டெபியனின் ஸ்டேபிள் (நிலையான) பதிப்பு, டெஸ்க்டாப் இல்லாமல், ஒரு விஎம்முக்குள் (உங்கள் கணினிக்குள்ளேயே ஓடும் மெய்நிகர் கணினி). ஓரிரு மாதம் பழகியபின் அதன் பக்கத்திலேயே அல்மா லினக்ஸ். இது போதும் என்பவர்கள் நேராக 'கணினியைத் தயார் செய்தல்' பகுதிக்குப் போகலாம். ஏன் என்று கேட்பவர்களுக்குத்தான் இடையில் உள்ள பத்திகள்.

ஒரு சின்னக் குறிப்பு: கட்டளைகளை வாயால் சொல்வதுபோலவே தமிழில் எழுதியிருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

யாருக்குச் சுலபம்?

'புதியவர்களுக்கு ஏற்ற லினக்ஸ்' என்று பட்டியல் போடுபவர்கள் பெரும்பாலும் டெஸ்க்டாப்பை மனதில் வைத்தே போடுகிறார்கள். மின்ட், சோரின் போன்றவை அங்கே மேலே இருக்கும். வீட்டுக் கணினிக்கு அவை அருமையானவை. ஆனால் எல்லாவற்றையும் மவுஸாலேயே முடித்துவிடலாம் என்பதுதானே அவற்றின் சிறப்பு! நீங்கள் பார்த்துக்கொள்ளப்போகும் சர்வருக்கு மானிட்டரே இருக்காது. எங்கோ ஒரு டேட்டா சென்டரில் ஓடிக்கொண்டிருக்கும். எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக உள்ளே போய், கட்டளை அடித்துத்தான் எதையும் செய்ய வேண்டும். அதனால் ஐகான் எப்படி இருக்கிறது என்று பார்த்து இங்கே தேர்ந்தெடுக்க முடியாது.

பார்க்க வேண்டியவை இரண்டே. ஒன்று, எத்தனை ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். டெபியன் சுமார் 2 ஆண்டுக்கு ஒருமுறை புதுப் பதிப்பை வெளியிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் 3 ஆண்டு முழுப் பராமரிப்பும் அதன்மேல் 2 ஆண்டு நீட்டிப்பும் உண்டு. உபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்ட காலப் பராமரிப்பு) பதிப்புகள் இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரலில் வரும், 5 ஆண்டு நிற்கும். ரெட் ஹேட் குடும்பத்தில் 10 ஆண்டு. ஃபெடோராவுக்கோ ஒரு பதிப்பின் ஆயுள் சுமார் 13 மாதம்தான். கற்பவருக்கு இதனால் என்ன? மெதுவாக மாறும் அமைப்பில், போன வருடம் யாரோ எழுதிய விடை இன்றும் பொருந்தும். பழைய விடையைப் புதிய பதிப்பில் அடித்துப்பார்த்து 'எனக்கு லினக்ஸ் வராது' என்று நொந்துபோனவர்கள் நிறையப் பேர்.

இரண்டாவது, வேலை இடத்தில் என்ன ஓடுகிறது என்பது. நடைமுறையில் சர்வர் உலகம் பெரும்பாலும் இரண்டு குடும்பம்தான். டெபியனும் அதிலிருந்து பிறந்த உபுண்டுவும் ஒரு பக்கம். பேக்கேஜ் (மென்பொருள் பொதி) போட அங்கே ஆப்ட் என்ற கட்டளை. ரெட் ஹேட்டும் அதை அப்படியே பின்பற்றும் அல்மா, ராக்கி போன்றவையும் இன்னொரு பக்கம், அங்கே டிஎன்எஃப். நீங்கள் சேர நினைக்கும் நிறுவனங்களின் வேலை அறிவிப்புகளில் இருபதை எடுத்துப் படியுங்கள். முக்கால்வாசி ரெட் ஹேட் என்றே கேட்டால், நான் சொன்ன வரிசையைத் திருப்பிப் போட்டு அல்மாவில் தொடங்கலாம், தப்பில்லை. மற்றபடி டெபியனில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம், 1993-இல் தொடங்கிய அந்தத் திட்டம் எந்த நிறுவனத்தின் கையிலும் இல்லை. அது எவ்வளவு முக்கியம் என்பதற்கு சென்ட் ஓஎஸ் கதை ஒன்றே போதும்.

ரெட் ஹேட்டைக் காசு கொடுக்காமல் பயன்படுத்த உலகமே அதன் இலவச நகலான சென்ட் ஓஎஸ்ஸை நம்பியிருந்தது. அதன் 8-ஆம் பதிப்பு 2029 வரை வரும் என்று எல்லோரும் திட்டம் போட்டிருந்தார்கள். 2020 டிசம்பரில், அதைக் கையில் வைத்திருந்த ரெட் ஹேட் நிறுவனத்திடமிருந்து ஓர் அறிவிப்பு வந்தது: 8-ஆம் பதிப்பு 2021 இறுதியோடு சரி, இனி ரெட் ஹேட்டின் முன்னோட்டமான சென்ட் ஓஎஸ் ஸ்ட்ரீம் மட்டும்தான். சர்வர்களை அதில் ஏற்றியிருந்தவர்கள் ஓராண்டுக்குள் மாற வேண்டியதாயிற்று. அந்த இடத்தை நிரப்பத்தான் 2021 மார்ச்சில் அல்மாவும் ஜூனில் ராக்கியும் வந்தன. சென்ட் ஓஎஸ் 7-ம் 2024 ஜூன் 30-ஓடு முடிந்தது. ஆனால் இணையத்தில் கிடைக்கும் பயிற்சிக் கட்டுரைகளில் எக்கச்சக்கம் இன்னும் சென்ட் ஓஎஸ் 7-க்கு எழுதியவை. அதைப் போட்டு 'யம்' (டிஎன்எஃப்புக்கு முந்தையது) கட்டளையை அடித்தால் மிரர் லிஸ்ட் (பேக்கேஜ் கிடைக்கும் இடங்களின் பட்டியல்) முகவரியே கிடைக்கவில்லை என்று வரும். உங்கள் நெட்டில் கோளாறு இல்லை, அந்த முகவரிதான் மூடப்பட்டுவிட்டது. கட்டுரையின் தேதியையும் பதிப்பு எண்ணையும் பார்க்காமல் ஒரு கட்டளையைக்கூட நகலெடுக்காதீர்கள்.

இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்

காளி: ஹேக்கிங் ஆசையில் நிறைய மாணவர்கள் இதைத்தான் முதலில் போடுகிறார்கள். பாதுகாப்புச் சோதனை செய்பவர்களின் கருவிப்பெட்டி அது, சர்வர் பழக அல்ல. ஆர்ச்: புதுப்பதிப்பு என்ற பேச்சே இல்லாமல் தினமும் மாறிக்கொண்டிருக்கும், முதல் ஆண்டில் வேண்டாம். ஆனால் ஆர்ச் விக்கியை எந்த லினக்ஸ் வைத்திருந்தாலும் படியுங்கள், அவ்வளவு நல்ல ஆவணம் அது. ஃப்ரீபிஎஸ்டி: லினக்ஸே அல்ல, தனிக் குடும்பம். அதன் கையேடு பிரமாதம், ஆனால் அது இரண்டாம் ஆண்டுப் பாடம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், வீட்டில் கிடக்கும் பழைய அரசு மடிக்கணினியில் இருக்கலாம். அடிப்படையில் அதுவும் டெபியன்தான், ஆப்ட் பழக உதவும். ஆனாலும் மூலமே இருக்கும்போது நேராக அங்கேயே போய்விடலாம்.

உபுண்டு சர்வர்? தாராளமாகப் போடலாம். கிளவுடில் நீங்கள் வாடகைக்கு எடுக்கும் சர்வர்களில் அதுதான் பல இடங்களில் கண்ணில் படும். அதற்கென்று சில குணங்கள் உண்டு, அவ்வளவுதான். இன்ஸ்டால் செய்யும்போது 40 ஜிபி டிஸ்க் கொடுத்திருப்பீர்கள். உள்ளே போய் 'டிஎஃப்' அடித்தால் பாதிதான் காட்டும். மீதி எல்விஎம்மில் (டிஸ்க் இடத்தைப் பிரித்துக்கொடுக்கும் அடுக்கு) சும்மா கிடக்கிறது, நீங்கள்தான் நீட்டிக்கொள்ள வேண்டும். எஸ்எஸ்ஹெச் போர்ட் எண்ணை (இணைப்பு வரும் கதவின் எண்) மாற்றிவிட்டு வழக்கம்போல் ரீஸ்டார்ட் கொடுத்தாலும் 24.04-இல் பழைய போர்ட்டிலேயே நிற்கும், ஏனென்றால் அங்கே காதுகொடுத்து நிற்பது எஸ்எஸ்ஹெச் சர்வீஸ் அல்ல, எஸ்எஸ்ஹெச் சாக்கெட். சர்வீஸ்களை இயக்கும் சிஸ்டம்டியை 'டீமன்-ரீலோட்' செய்துவிட்டு அந்த சாக்கெட்டையும் ரீஸ்டார்ட் செய்தால்தான் மாறும். தெரிந்தவருக்கு ஒரு நிமிட வேலை, தெரியாதவருக்கு ஒரு ராத்திரி போய்விடும். முதல் பாடத்துக்கு டெபியன் இதைவிட நேர்வழி.

கணினியைத் தயார் செய்தல்

இருக்கும் ஒரே மடிக்கணினியில் டூயல் பூட் (விண்டோஸோடு லினக்ஸையும் ஏற்றுவது) செய்யாதீர்கள். பாடம் கற்கும்போது எதையாவது உடைக்கத்தான் செய்வீர்கள். அது காலேஜ் ப்ராஜெக்ட் இருக்கும் டிஸ்க்காக இருக்க வேண்டாம். விண்டோஸில், விஎம்களை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளைப் போடுங்கள், இலவசம். 8 ஜிபி ராம் இருந்தால் வசதி. 4 ஜிபி என்றாலும் முடியும். டெஸ்க்டாப் இல்லாத டெபியன் 1 ஜிபியில் நிம்மதியாக ஓடும். விஎம் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைப் பாருங்கள். விர்ச்சுவலைசேஷன் அணைந்திருந்தால் பயாஸுக்குள் போய் இயக்க வேண்டும்.

விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போதாதா என்று கேட்பார்கள். கட்டளைகள் பழக அது போதும். ஆனால் பூட் ஆவது, டிஸ்க் பிரிப்பது, நெட்வொர்க் அமைப்பது என்று அட்மின் வேலையின் பாதியை விண்டோஸே உங்களுக்காகச் செய்துவிடும். கற்க வேண்டியதே அதுதானே.

பரணில் பழைய கணினி இருந்தால் அதுவும் நல்லது. இரண்டு விஷயம் கவனியுங்கள். டெபியன் 13-க்கு 32 பிட் கணினிகளுக்கான இன்ஸ்டாலர் கிடையாது. ரெட் ஹேட் 10-ஆம் பதிப்பு எக்ஸ்86-64-வி3 என்ற புதிய வகை பிராசஸரைக் கேட்கும், பழைய சிபியுவில் ஏறாது. அல்மா மட்டும் வி2 பிராசஸர்களுக்கும் தனியாக ஒரு பதிப்பு தருகிறது. அல்மாவை நான் முன்னால் வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

டெபியன் ஏற்றுவது

டெபியன் தளத்தில் 'நெட் இன்ஸ்ட்' ஐஎஸ்ஓவை (இன்ஸ்டால் கோப்பு) எடுங்கள். இப்போதைய ஸ்டேபிள் 13, பெயர் ட்ரிக்ஸி. 2025 ஆகஸ்டில் வந்தது. கோப்பு ஒரு ஜிபிக்கும் குறைவு, மொபைல் டேட்டாவிலேயே இறக்கிவிடலாம். இறக்கியதும் பவர்ஷெல்லில் 'கெட்-ஃபைல்ஹாஷ்' அடித்து, தளத்தில் இருக்கும் எஸ்ஹெச்ஏ எண்ணோடு (கோப்பின் கைரேகை போன்றது) ஒப்பிடுங்கள். இதைச் செய்பவர் குறைவு. அட்மின் ஆகப்போகிறவர் இன்றே பழகிவிடுவது நல்லது.

விர்ச்சுவல்பாக்ஸில் புதிய விஎம் உருவாக்கும்போது ஐஎஸ்ஓவைக் கொடுத்ததுமே 'அன்அட்டென்டட்' என்று தானே இன்ஸ்டால் செய்ய முன்வரும். அது வேண்டாம் என்று அங்கேயே தேர்ந்தெடுத்துவிடுங்கள். விட்டுவிட்டால் எல்லாக் கேள்விக்கும் அதுவே பதில் சொல்லிவிடும். கடைசியில் 'விபாக்ஸ்யூசர்' என்று யாரோ ஒருவரின் பெயரில் லாகின் ஆவீர்கள், நிர்வாகி அதிகாரத்தோடு கட்டளை ஓட்ட உதவும் சுடோவும் வேலை செய்யாது. 2 ஜிபி ராம், 20 ஜிபி டிஸ்க் கொடுங்கள். டிஸ்க் தேவைக்கேற்ப வளரும் வகை, உடனே 20 ஜிபியையும் பிடித்துக்கொள்ளாது.

இன்ஸ்டாலரில் தமிழும் உண்டு. ஒருமுறை பார்த்து மகிழ்ந்துகொள்ளுங்கள், ஆனால் சர்வருக்கு ஆங்கிலத்தையே தேர்ந்தெடுங்கள். பிழைச் செய்தியை அப்படியே தேடினால்தான் விடை கிடைக்கும். நாடு இந்தியா என்றால் நேர மண்டலம் தானாக அமைந்துவிடும்.

அடுத்து ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு) பாஸ்வேர்டு கேட்கும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அதைக் காலியாக விட்டு எண்டர் தட்டுங்கள். அப்போதுதான் சுடோ தானாக ஏறி, நீங்கள் உருவாக்கும் பயனர் அந்தக் குழுவில் சேர்வார். பாஸ்வேர்டு கொடுத்துவிட்டால் ரூட் தனி, நீங்கள் தனி; டெஸ்க்டாப் இல்லாததால் சுடோவும் ஏறியிருக்காது, முதல் சுடோ கட்டளையிலேயே 'அப்படி ஒரு கட்டளையே இல்லை' என்று முறைக்கும்.

டிஸ்க் பிரிப்பில், முழு டிஸ்க்கையும் எல்விஎம்மோடு, எல்லாம் ஒரே பகுதியில் என்று கொடுங்கள். கடைசியில் என்னென்ன மென்பொருள் வேண்டும் என்ற பட்டியலில் டெஸ்க்டாப்பும் அதில் ஒரு வகையான நோமும் டிக் ஆகியே இருக்கும். இரண்டையும் எடுத்துவிட்டு, எஸ்எஸ்ஹெச் சர்வருக்கும் அடிப்படைக் கருவிகளுக்கும் மட்டும் டிக் வையுங்கள். ஸ்பேஸ் பாரில் டிக் மாறும். எண்டர் தட்டினால் அடுத்த திரைக்குப் போய்விடும், அவசரப்படாதீர்கள்.

உள்ளே போவது

ரீபூட் ஆனதும் கறுப்புத் திரையில் லாகின் கேட்கும். உள்ளே போய் 'ஐபி ஏ' அடித்தால் 10.0.2.15 என்று காட்டும். நேட் என்ற விர்ச்சுவல்பாக்ஸின் உள் வலைக்குப் பின்னால் இருக்கும் முகவரி அது, விண்டோஸிலிருந்து நேராகத் தொட முடியாது. விஎம்மின் நெட்வொர்க் அமைப்பில் போர்ட் ஃபார்வர்டிங் போய், வெளியே 2222, உள்ளே 22 என்று ஒரு விதி சேருங்கள். பிறகு பவர்ஷெல்லில் எஸ்எஸ்ஹெச் அடித்து, 127.0.0.1-க்கு 2222 போர்ட்டில் இணையுங்கள். விண்டோஸ் 10-லும் 11-லும் எஸ்எஸ்ஹெச் கூடவே வருகிறது. இனி விஎம் ஜன்னலை மறந்துவிடலாம், ஹெட்லெஸ்ஸாகவே (ஜன்னல் இல்லாமல்) ஸ்டார்ட் செய்யுங்கள். சர்வர் அடுத்த ஊரில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, இப்போது ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள். இனிமேல் எதை உடைத்தாலும் இந்த இடத்துக்குத் திரும்பிவிடலாம்.

வேண்டுமென்றே உடைப்பது

முதலில் பாஸ்வேர்டுக்குப் பதிலாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சாவி. 'எஸ்எஸ்ஹெச்-கீஜென்' அடித்து ஜோடியை உருவாக்கி, பொதுச் சாவியை சர்வரில் வைத்து, அதில் நுழைய முடிகிறது என்று உறுதிசெய்தபின் பாஸ்வேர்டு லாகினை அணைத்துவிடுங்கள். கான்ஃபிக் மாற்றியதும் 'சுடோ எஸ்எஸ்ஹெச்டி மைனஸ் டி' (கடைசி 'டி', டெஸ்ட் என்ற சொல்லின் முதல் எழுத்து) அடித்தால் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று சொல்லும். ரீஸ்டார்ட் செய்யும்போது ஏற்கெனவே திறந்திருக்கும் டெர்மினலை மூடவே கூடாது. புதிதாக இன்னொன்றைத் திறந்து நுழைந்து பார்த்த பிறகுதான் மூட வேண்டும். அனுபவசாலிகளும் தவறாமல் செய்வது இது.

அப்புறம் வலைப்பக்கங்களைத் தரும் அப்பாச்சி. 'சுடோ ஆப்ட் இன்ஸ்டால் அப்பாச்சி2'. டெபியனில் போட்ட கையோடு சர்வீஸும் ஓடத் தொடங்கிவிடும். 8080-இலிருந்து 80-க்கு இன்னொரு ஃபார்வர்டிங் விதி சேர்த்து பிரவுசரில் பாருங்கள். 'எஸ்எஸ்' கட்டளையால் எந்த போர்ட்டில் எது காத்திருக்கிறது என்று பாருங்கள். பிறகு கான்ஃபிக்கில் ஒரு எழுத்தைக் கெடுத்து ரீஸ்டார்ட் செய்து, பதிவுகளைக் காட்டும் 'ஜர்னல்சிடிஎல்' என்ன சொல்கிறது என்று படியுங்கள். பழைய கட்டுரைகள் வார் லாக் அடைவில் சிஸ்லாக்கைப் பார்க்கச் சொல்லும். டெபியன் 12-இலிருந்து அதை எழுதும் ஆர்சிஸ்லாக் இயல்பாக ஏறுவதில்லை, அந்தக் கோப்பே இருக்காது, எல்லாம் ஜர்னலில்.

கொஞ்சம் தைரியம் வந்ததும் செய்ய வேண்டிய பயிற்சி ஒன்று உண்டு. கட்டாயம் செய்யச் சொல்வேன். விஎம்முக்கு இரண்டாவது டிஸ்க் ஒன்று சேர்த்து, பார்ட்டிஷன் போட்டு, ஃபார்மேட் செய்து, எஃப்எஸ்டேபில் (பூட் ஆகும்போது இணைக்க வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியல்) யூயூஐடியோடு (அதன் தனி அடையாள எண்) எழுதி மவுண்ட் செய்யுங்கள். சரியாக வந்ததும் யூயூஐடியில் ஒரு எழுத்தை மாற்றிவிட்டு ரீபூட் செய்யுங்கள். அந்த டிஸ்க்குக்காக ஒன்றரை நிமிடம் காத்துக்கிடக்கும். பிறகு எமர்ஜென்சி மோடுக்குப் போகும். ஆனால் உள்ளே விடாது: ரூட் கணக்கு பூட்டியிருக்கிறது என்று சொல்லி எண்டர் தட்டச் சொல்லும், தட்டினால் மறுபடி அதே. ரூட் பாஸ்வேர்டைக் காலியாக விட்டதன் மறுபக்கம் இதுதான்.

இப்போது ஸ்னாப்ஷாட்டுக்கு ஓடாதீர்கள். விஎம் ஜன்னலைத் திறந்து ரீஸ்டார்ட் செய்து, க்ரப் மெனு (பூட் தொடங்கும்போது வரும் தேர்வுத் திரை) வந்ததும் 'இ' எழுத்தைத் தட்டுங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'இனிட்=/பின்/பாஷ்' என்று சேர்த்து கன்ட்ரோல் எக்ஸ் அழுத்தினால் பாஸ்வேர்டு கேட்காமலே ரூட் ஷெல் வரும். ரூட் கோப்பமைப்பு அப்போது படிக்க மட்டுமே. எழுதும்படி ரீமவுண்ட் செய்து, நானோவில் எஃப்எஸ்டேபைத் திருத்தி, 'சிங்க்' அடித்து, விஎம்மை ரீசெட் செய்யுங்கள். அவசியமில்லாத டிஸ்க் வரிகளில் 'நோஃபெயில்' என்று சேர்த்துவிட்டால் இந்த வம்பே வராது. இதைக் கையால் ஒருமுறை செய்தவருக்கு பூட் எப்படி நடக்கிறது என்பது தனியாகப் பாடம் எடுக்காமலே புரியும். கணினியின் முன்னால் உட்கார முடிந்தவர் யாரும் இப்படி உள்ளே போய்விடலாம் என்பதையும் கவனித்திருப்பீர்கள்.

இரண்டாவது குடும்பம்

இதெல்லாம் கைக்கு வந்தபின் அல்மாவுக்கு இன்னொரு விஎம். இன்ஸ்டாலரில் 'மினிமல்' தேர்ந்தெடுங்கள், பயனரை நிர்வாகி ஆக்கும் பெட்டியில் டிக் வையுங்கள். இங்கே சுடோ குழுவின் பெயர் 'வீல்'. அதே அப்பாச்சியைப் போடுங்கள். பெயர் 'ஹெச்டிடிபிடி', கட்டளை டிஎன்எஃப். போட்டதும் தானாக ஓடாது. 'சிஸ்டம்சிடிஎல்' கொண்டு நீங்கள்தான் இயக்க வேண்டும். இயக்கியபின் சர்வருக்குள்ளேயே 'கர்ல்' அடித்தால் பக்கம் வரும், விண்டோஸ் பிரவுசரில் வராது. ஃபயர்வால்டி என்ற ஃபயர்வால் தடுக்கிறது. அதில் ஹெச்டிடிபி சேவையை நிரந்தரமாகச் சேர்த்து ரீலோட் செய்தால் திறக்கும்.

அடுத்தது எஸ்இலினக்ஸ், எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடலாம் என்று லேபிள் பார்த்துக் காவல் காக்கும் அமைப்பு. உங்கள் ஹோம் அடைவில் ஒரு இண்டெக்ஸ் கோப்பை எழுதி, 'எம்வி' கட்டளையால் வெப் அடைவுக்கு நகர்த்துங்கள். பிரவுசரில் 403 (அனுமதி இல்லை) வரும். பெர்மிஷன் பார்ப்பீர்கள், சரியாக இருக்கும். உரிமையாளரை மாற்றுவீர்கள், சிஎச்மாட் 777 வரை போவீர்கள், அசையாது. 'எல்எஸ் மைனஸ் இசட்' (இங்கே இசட் மட்டும் பெரிய எழுத்து) அடித்துப் பாருங்கள்; ஹோம் அடைவில் பிறந்தபோது ஒட்டிய லேபிள் இன்னும் அப்படியே இருக்கும். நகர்த்தினால் லேபிளும் கூடவே வரும். 'சிபி' கட்டளையால் நகலெடுத்தால் புது இடத்தின் லேபிள் ஒட்டும். 'ரீஸ்டோர்கான்' அடித்தால் தீர்ந்தது. எஸ்இலினக்ஸையே அணைத்துவிடு என்று சொல்லும் கட்டுரைகள் நிறைய வரும். அந்த அறிவுரையை மட்டும் கேட்காதீர்கள். வேலை இடத்தில் அணைக்க விடமாட்டார்கள், இன்டர்வியூவிலும் இதைத்தான் கேட்பார்கள்.

சான்றிதழ் தேர்வு எழுதுவதாக இருந்தால், ரெட் ஹேட்டின் ஆர்ஹெச்சிஎஸ்ஏவும் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் எல்எஃப்சிஎஸ்ஸும் கணினியில் செய்து காட்ட வேண்டிய தேர்வுகள். எல்பிஐசி-1 கேள்வி பதில் வகை, இரண்டு தாள். ஆர்ஹெச்சிஎஸ்ஏவுக்குப் போகிறவர்கள் ரெட் ஹேட்டின் டெவலப்பர் கணக்கைத் திறந்து அசல் ரெட் ஹேட்டையே இலவசமாக இறக்கிப் பழகலாம், தனிநபருக்கு 16 கணினி வரை அனுமதி. எந்தப் பதிப்பின் மேல் தேர்வு நடக்கிறது என்று பார்த்து அதையே போடுங்கள்.

இணையத்தில் முகம் காட்டும் சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த அன்றே சாவி லாகின் மட்டும் என்று மாற்றி, தானாகப் பாதுகாப்புத் திருத்தம் போட 'அன்அட்டென்டட்-அப்கிரேட்ஸ்' பேக்கேஜை ஏற்றி, ஃபயர்வாலில் தேவையான போர்ட்டுகளை மட்டும் திறந்து வையுங்கள். பிறகு எஸ்எஸ்ஹெச் சர்வீஸின் ஜர்னலைத் திறந்து பாருங்கள். ரூட், அட்மின், டெஸ்ட் என்று எங்கெங்கிருந்தோ யாராரோ கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். பயப்பட வேண்டாம், எல்லா சர்வரிலும் அது இருக்கும். சாவி இல்லாமல் உள்ளே வர முடியாது.